ஸ்கீ பூட்ஸ் காலுக்குப் பழகும் வரை

பள்ளிக்கூட ஷூ வாங்கும்போது அம்மா எப்போதும் ஒரு சைஸ் பெரிதாகத்தான் எடுப்பார். அதே புத்தியில், பனிச்சறுக்குக்கான முதல் ஸ்கீ பூட்ஸையும் வாங்கினேன். ஜப்பானில் பனிச்சறுக்குக்குப் பேர்போன நிசேகோவில் இரண்டாம் நாளே கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது. பூட்ஸ் பெரிதானால் கால் முன்னால் வழுக்கிப் போய் இடிக்கும். அதைத் தடுக்கப் பக்கிளை இறுக்கினால் மேல்பாதம் கடுக்கும்.

ஸ்கீ பூட்ஸின் சைஸ், பாதத்தின் நீளம்தான், சென்டிமீட்டரில். கால் சற்று வீங்கியிருக்கும் சாயங்காலத்தில், குதிகாலைச் சுவரில் ஒட்டி நின்று அளந்துகொள்ளுங்கள். கடையில் பூட்ஸுக்குள் இருக்கும் மெத்தென்ற லைனரை உருவிவிட்டு, வெறும் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் காலை விடுங்கள். விரல் நுனி முன்னால் லேசாகத் தொடும்போது குதிகாலுக்குப் பின்னால் இரண்டு விரல் நுழைய வேண்டும், அதற்கு மேல் வேண்டாம். என் பழைய பூட்ஸில் மூன்று விரல் தாராளமாகப் போனது!

சரி, வாங்கியாயிற்று. மெல்லிய நீளக் காலுறை ஒரே ஒரு ஜோடி. பேண்ட்டின் நுனிகூட உள்ளே போகக்கூடாது. குதிகாலைத் தரையில் இரண்டு தட்டு தட்டிப் பின்னால் உட்கார வைத்து, முதலில் மேல் பக்கிள்களைப் போடுங்கள். முழங்காலை மடக்கி முன்னால் சாய்ந்து, அப்புறம் கீழ்ப் பக்கிள்களை லேசாக. நிமிர்ந்து நின்றால் விரல் முன்னால் முட்டும், சாய்ந்தால் விலகும். அப்படித்தான் இருக்க வேண்டும். இங்கேதான் பலர் பயந்துபோய் பெரிய சைஸ் கேட்கிறார்கள்.

காலுக்குப் பழகுவதற்காக, நான் வீட்டில் இரவுச் செய்தி பார்க்கும்போது அரைமணி நேரம், ஏர்கானைக் குளிராக வைத்துக்கொண்டு பூட்ஸைப் போட்டுக்கொள்வேன். நம் ஊர் வெப்பத்தில் பிளாஸ்டிக் இளகி ஏமாற்றும், பனியில் விறைத்துவிடும். கீழ்வீட்டாருக்காகத் தடித்த பாய் விரித்தேன். மனைவி இன்னும் ரோபோ என்றுதான் கூப்பிடுகிறாள்.

காலைச் சுற்றிச் சீராக இறுக்கினால் கவலை வேண்டாம், லைனர் அமுங்கிச் சரியாகிவிடும். கணுக்கால் எலும்பில் ஒரே இடத்தில் குத்தினால் அது தானாகப் போகாது. காலுறையின் மேல் பேனாவால் புள்ளி வைத்து, பூட்ஸ் சரிசெய்பவரிடம் காட்டுங்கள். அந்த இடத்தில் ஓட்டின் பிளாஸ்டிக்கைச் சூடாக்கி வெளியே தள்ளித் தருவார். வீட்டில் ஹேர் டிரையரோடு முயல வேண்டாம். விரல் மரத்துப்போனால் கீழ்ப் பக்கிளைத் தளர்த்திப் பாருங்கள்.

கழற்றியதும் லைனரை மின்விசிறிக்கு அடியில் காய வையுங்கள். நான் ஈரத்தோடு பாம் ஷெல்டரில் (வீட்டுக்குள் இருக்கும் பாதுகாப்பு அறை) வைத்துப் பூஞ்சை பிடித்த நாற்றம், மூன்று நாள் வெயில் காட்டியும் போகவில்லை.