தீர்க்கதரிசிகளைப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர் முதுநகர் பக்கம் சபை வாலிபர்கள் வேதாகமத் தீர்க்கதரிசிகளின் புத்தகங்களிலிருந்து செய்தி கொடுக்கும் (பிரசங்கம் செய்யும்) கூட்டங்களில் பின்னால் உட்கார்ந்து கேட்பது என் வழக்கம். வசன எண்ணை மாற்றிச் சொல்வது, பெயர்களில் தடுமாறுவதெல்லாம் தானாகச் சரியாகிவிடும். சரியாகாதவை சில உண்டு.

ஆமோஸில் இஸ்ரவேலுக்கு முன்பே நின்றுவிடுவது

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். ஆமோஸ் தெக்கோவாவில் மந்தை மேய்த்தவர், காட்டத்திப் பழம் பொறுக்கியவர். கி.மு. 8-ஆம் நூற்றாண்டில், இரண்டாம் யெரொபெயாம் காலத்தில், தெற்கே யூதாவிலிருந்து வடக்கே இஸ்ரவேல் நாட்டிலிருந்த பெத்தேலுக்குப் போய்ப் பேசினார். அங்கே பணக்காரர் கையில் காசு தாராளமாகப் புழங்கிய காலம். அவர் எடுத்த எடுப்பில் இஸ்ரவேலைத் திட்டவில்லை. தமஸ்கு, காத்சா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாப் என்று அக்கம்பக்கத்தார் அக்கிரமத்தை வரிசையாகச் சொல்கிறார். அடுத்து யூதா, பங்காளி நாடு. கேட்டவர்கள் நன்றாகத் தலையாட்டியிருப்பார்கள். எட்டாவதாகத்தான் இஸ்ரவேல்: எளியவனை ஒரு ஜோடு செருப்புக்கு விற்கிறீர்கள் என்கிறார். முதல் ஏழும் இதற்காகத்தான்.

நம் தம்பிகள் ஏழோடு நேரத்தை முடித்துவிடுகிறார்கள். ஒரு வீட்டுக் கூட்டத்தில் ஒருவர் தமஸ்குவில் ஆரம்பித்து அரசியல்வாதி, சினிமாக்காரர், பக்கத்துத் தெரு என்று வெளுத்து வாங்கினார். சத்தமாக ஆமென் சொன்னவர்களில் ஒருவர், இறால் உரிக்கும் பெண்களின் கூலியை வாரக்கணக்கில் நிறுத்தி வைத்திருந்தவர். அந்தப் பெண்களில் சிலரும் கதவோரம் இருந்தார்கள். முடிந்ததும் அவர், "அருமையான செய்தி தம்பி" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். பெண்கள் அதற்கப்புறம் வரவில்லை. வீடு தேடிப்போய்க் கேட்டவருக்குக் கிடைத்த பதில்: "அவரு ஆமென் சொல்றத நாங்க எதுக்கு தம்பி வந்து கேக்கணும்?"

எட்டாம் அதிகாரத்தையாவது வாசித்திருக்கலாம். வியாபாரம் கூடாத ஓய்வுநாள் எப்போது முடியும், மரக்காலைக் குறைத்துக் கள்ளத்தராசில் விற்கலாம் என்று காத்திருப்பவர்கள் அங்கே வருகிறார்கள். துறைமுகத்தில் எடை போடும் ஊரில் இதற்கு விளக்கமே வேண்டாம். மேடையில் ஒருவர் பெயரைச் சொல்லிக் கிழிக்கச் சொல்லவில்லை. வசனத்தை முழுசாக வாசியுங்கள். கூலி விஷயத்தை அவர் வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள்.

புயல் வந்ததும் கடைசிக் காலத்துக்குத் தேதி குறிப்பது

2004 சுனாமிக்கும் கேட்டோம், 2011 தானே புயலுக்கும் கேட்டோம். போதும்.

எரேமியா 29:11-ஐ மட்டும் எடுப்பது

உங்களைக் குறித்து எனக்கிருப்பது தீமைக்கல்ல, சமாதானத்துக்கான நினைவுகளே என்று கர்த்தர் சொல்லும் வசனம். வாக்குத்தத்த அட்டையில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம். முந்தின வசனமே 70 வருஷம் ஆகும் என்கிறது. ஏழாம் வசனமோ, போய்ச் சேர்ந்த ஊரின் சமாதானத்தைத் தேடச் சொல்கிறது. விசா கிடைக்க ஒட்டும் வசனம் இல்லை.

மீகா 6:8-ஐப் பங்கு போடுவது

நியாயம், இரக்கம், தாழ்மை மூன்றும் ஒரே வசனம். சேர்த்தே பேசுங்கள்.

உபவாசத்தை நாள் கணக்காக்குவது

லெந்து காலத்தில் (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில்) ஏசாயா 58 பேசுங்கள். உபவாச நாளிலேயே வேலையாட்களை வாட்டுகிறீர்கள் என்று மூன்றாம் வசனத்தில் இருக்கிறது. வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குப் போன மாதச் சம்பளம் போய்ச் சேர்ந்ததா என்று கேளுங்கள். மதியச் சாப்பாட்டை விட்ட கதையை அப்புறம் சொல்லலாம்.