பாட்டியைச் சிநேகிதி வீட்டுக்கு அழைத்துப் போவது: தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம், ஒரு நாள்

75 வயதைத் தாண்டிய பாட்டி, "அவளை ஒரு தடவ பாத்துட்டு வந்துடணும்" என்று இரண்டாவது முறை சொன்னால் தள்ளிப்போடாமல் நாள் பார்த்துவிடுங்கள். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர்தான். தூரத்தால் பாட்டி களைத்துப் போவதில்லை, வீட்டு மனிதர்கள் போடும் திட்டத்தால்தான் களைத்துப் போகிறார். "அவ்வளவு தூரம் போறோம், அப்படியே..." என்று ஆரம்பித்து, போகும் வழியில் தாராசுரம், திரும்பும்போது சுவாமிமலை, நடுவில் பட்டுப்புடவைக் கடை என்று சேர்த்துக்கொண்டே போவார்கள். கடைசியில் சிநேகிதியோடு பேச முக்கால் மணி நேரம்தான் மிஞ்சும். தாராசுரம் 2004 முதல் உலக மரபுச் சின்னம், பார்க்க வேண்டிய கோயில்தான். அதை நீங்கள் வேறொரு நாள் போய்ப் பாருங்கள். சுவாமிமலையில் தமிழ் வருடங்களின் கணக்குக்கு 60 படிகள். முழங்கால் தேய்ந்தவருக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. அன்றைக்கு வேலை ஒன்றுதான்: இரண்டு பேரும் உட்கார்ந்து பேசவேண்டும்.

முதல் போன் மருமகளுக்கு

சிநேகிதியையே கூப்பிட்டால் "எப்ப வேணாலும் வா, உன் வீடுதானே" என்பார். அதை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. அந்த வீட்டு மகளிடமோ மருமகளிடமோ பேசுங்கள். கழிவறை வெஸ்டர்னா, இந்தியனா? வாசலில் எத்தனை படி, பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா? சிநேகிதிக்கு எந்தக் காது நன்றாகக் கேட்கும்? மதியம் எத்தனை மணிக்குச் சாப்பிட்டுப் படுப்பார்? இந்த நான்கும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இந்தியன் கழிவறைதான் என்றால் மடக்கும் கம்மோட் நாற்காலி ஒன்றை டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள். மருந்துக் கடைகளில் கிடைக்கும். அது இல்லாவிட்டால் பாட்டி வழி முழுக்கத் தண்ணீர் குடிக்க மாட்டார், வாயைத் திறந்து காரணமும் சொல்ல மாட்டார்.

இன்னொரு கேள்வியைப் பலர் கேட்பதில்லை. இரண்டு பேருக்கும் தெரிந்தவர்களில் யார் யார் தவறிவிட்டார்கள்? பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவர், பழைய தெருக்காரர், சிநேகிதியின் தம்பி. அந்தச் சேதியைப் பாட்டி அங்கே போய்த் திடீரென்று கேட்கக் கூடாது. நாலு நாள் முன்பே வீட்டில் வைத்து நிதானமாகச் சொல்லிவிடுங்கள். அழுகை அங்கேயும் வரும், ஆனால் அதிர்ச்சி இருக்காது. உங்கள் பக்கத்துச் சேதிகளையும் அதேபோல் அந்த மருமகளிடம் சொல்லிவையுங்கள்.

நாள் குறிக்கும்போது இரண்டு வீட்டுத் திதி, தீட்டு, ஏகாதசி, அமாவாசை விரதங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். ராகு காலத்தில் கிளம்பினால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது, பாட்டிக்கு வழி முழுக்க மனசு உறுத்தும். அரை மணி முன்னால் கிளம்பிவிட்டால் போயிற்று. தை, மாசி மாதங்கள் இதற்குத் தோது. சித்திரை வெயிலும் ஐப்பசி மழையும் வேண்டாம்.

காரா, ரயிலா

பாபநாசம் வழியாகக் காரில் போவது சுலபம், நினைத்த இடத்தில் நிறுத்தலாம். பாட்டியை முன் இருக்கையில் உட்கார வையுங்கள். கால் நீட்ட இடம் இருக்கும், குமட்டலும் குறையும். ஏறும்போது ஒரு காலைத் தூக்கி உள்ளே வைக்கச் சொல்லக் கூடாது, அப்போதுதான் இடுப்பு பிடித்துக்கொள்ளும். இருக்கைக்கு முதுகைக் காட்டி நின்று, பின்பக்கமாக உட்கார்ந்து, இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். நூல் புடவை இருக்கைத் துணியில் ஒட்டிக்கொண்டு திரும்ப விடாது. அடியில் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்தால் வழுக்கிக்கொண்டு திரும்பும். உட்கார்ந்ததும் பையை உருவிவிடுங்கள், இல்லாவிட்டால் பிரேக் போடும்போதும் வழுக்கும்.

ரயிலில் போக ஆசைப்படும் பாட்டிகள் உண்டு. ஆசை நியாயமானதுதான், ஆனால் பெட்டியின் படி செங்குத்தாக இருக்கும், ரயிலும் அதிக நேரம் நிற்காது. முதலில் ஒருவர் ஏறி மேலிருந்து கை கொடுக்க வேண்டும், இன்னொருவர் பின்னால் நிற்க வேண்டும். தனியாளாக அழைத்துப் போகிறவர் காரையே எடுக்கட்டும். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. பாட்டி அதை நம்பிப் பணம் எண்ணி வைத்திருப்பார், முன்பே சொல்லிவிடுங்கள். ஊருக்குள் போக "சும்மா போற பஸ் இருக்கும்போது ஆட்டோ எதுக்கு" என்றும் கேட்பார். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது உண்மைதான். அன்றைக்கு மட்டும் ஆட்டோவிலேயே போங்கள்.

மாத்திரைப் பை

நீர் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால், பயண நாளில் அதை எத்தனை மணிக்குப் போடலாம் என்று டாக்டரை முந்தின வாரமே கேட்டுவிடுங்கள். நீங்களாக நேரத்தை மாற்றவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் குறையும் என்று பாட்டி கணக்குப் போடுவார். கிடைப்பது தலைசுற்றலும் மலச்சிக்கலும் நீர்க்கடுப்பும்தான். டம்ளர் டம்ளராக நீட்டினால் மறுப்பார், அரை மணிக்கு ஒரு தரம் இரண்டு மூன்று வாய் என்றால் குடித்துவிடுவார்.

சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கிவிடலாம். பழைய கதை பேசும் ஜோரில் மதியச் சாப்பாடு 2 மணிக்குப் போவது சகஜம். வியர்வை, நடுக்கம், பேச்சுக் குழறல், திடீர்ச் சிடுசிடுப்பு, இதில் எது தெரிந்தாலும் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு முறை. நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐக் கூப்பிடுங்கள். இன்சுலினை வெயிலில் நிறுத்திய காரில் விட்டுப்போகக் கூடாது, ஐஸோடு ஒட்டியும் வைக்கக் கூடாது. காது மிஷின் போடுகிறவருக்கு மாற்று பேட்டரி எடுங்கள். பழுப்பு ஸ்டிக்கர் 312, ஆரஞ்சு ஸ்டிக்கர் 13, ஒன்று மற்றதில் பொருந்தாது.

செருப்பு பழையதாக, பின்னால் வார் உள்ளதாக இருக்கட்டும். விறைப்பான புதுப்பட்டு வேண்டாம். கொசுவம் தரையில் புரளாமல் கணுக்காலுக்கு மேலே நிற்க வேண்டும்.

என்ன கொண்டு போவது

அந்த வீட்டு மருமகள் அன்று முழுக்க அடுப்படியில் நின்றால் அடுத்த முறை போனில் குரல் மாறும். சாப்பாட்டில் பாதியாவது உங்கள் வீட்டிலிருந்து போகட்டும். புளியோதரையும் தயிர்சாதமும் போதும். ஒரு டம்ளர் பச்சரிசிக்கு 4 டம்ளர் தண்ணீர் விட்டுக் குழைய வேகவைத்து, சூட்டோடு மசித்து, காய்ச்சி ஆறவைத்த பால் ஒன்றரை டம்ளர் ஊற்றுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகுதான் 2 மேசைக்கரண்டி தயிர். சாதம் கொதிக்கும்போது தயிர் விட்டால் திரிந்து நீர்விடும், தயிரை அள்ளி ஊற்றினால் மதியத்துக்குள் புளித்துவிடும். காலை 7 மணிக்குக் கலந்தால் 12 மணிக்குப் பதமாக இருக்கும். பல்செட் போட்டவர்களுக்காக முந்திரி, மாதுளை, இஞ்சித் துண்டுகளைத் தவிர்த்துவிடுங்கள். இஞ்சியைத் துருவிப் போடலாம்.

சிநேகிதிக்கு என்ன கொடுப்பது என்பதைப் பாட்டியே தீர்மானிக்கட்டும். வெற்றிலை பாக்கு, பழம், ரவிக்கைத்துணி, மஞ்சள் குங்குமம், பூ என்று பாட்டி கையில் ஒரு முறை உண்டு. சிநேகிதி கணவரை இழந்தவர் என்றால் பூவும் குங்குமமும் வைப்பதா கூடாதா என்று நீங்கள் முந்திக்கொண்டு பேசாதீர்கள். இப்போது பல வீடுகளில் எல்லோருக்கும் கொடுக்கிறார்கள், சில வீடுகளில் இல்லை. 60 வருடச் சிநேகிதிகளுக்கு அது தெரியும். வெற்றிலை போடும் வழக்கம் இருந்தால் கும்பகோணம் கொழுந்து வெற்றிலையை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். இடி உரலை மட்டும் மறக்காதீர்கள்.

பழைய போட்டோக்கள் இருந்தால் எடுத்துப் போங்கள், ஆனால் ஆல்பத்தின் ஒட்டும் தாளிலிருந்து பிய்க்க வேண்டாம், கிழிந்துவிடும். ஆல்பத்தோடு வைத்து ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல் மொபைலில் எடுத்து, உள்ளங்கை அகலத்துக்கு மேல் பெரிதாகப் பிரிண்ட் போடுங்கள். சின்னப் படத்தில் முகம் தெரியாமல் இரண்டு பேரும் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள்.

அங்கே போனதும்

10 மணி வாக்கில் போய்ச் சேருவது நல்லது. முதல் வேலை நாற்காலி. ஆழமான சோபாவில் உட்கார வைத்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். டைல்ஸ் தரையில் லேசான பிளாஸ்டிக் நாற்காலி கால் விரிந்து சறுக்கும். கையுள்ள மர நாற்காலி இரண்டு, 18 அங்குல உயரத்தில். நேருக்கு நேர் போடாமல் சற்றே கோணலாக, முழங்கால்கள் கிட்டத்தட்ட தொடும்படி, நன்றாகக் கேட்கும் காதுப் பக்கமாகப் போடுங்கள். வெளிச்சம் இருவர் முகத்திலும் விழ வேண்டும், முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் உதட்டசைவு தெரியாது. டிவியை அணைக்கச் சொல்லுங்கள். ஊஞ்சல் இருந்தால் இரண்டு பேரும் அதில்தான் உட்காருவார்கள். தடுக்க வேண்டாம், இறங்கும்போது மட்டும் ஒருவர் சங்கிலியைப் பிடித்துக்கொண்டால் போதும்.

அப்புறம் நகர்ந்துவிடுங்கள். பேரன் பேத்தி சுற்றி உட்கார்ந்து "அப்புறம் என்னாச்சு பாட்டி" என்று கேட்டால் இரண்டு பேரும் கதை சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள், பேச்சு நின்றுவிடும். மாமியார் பற்றி, மருமகள் பற்றி, உங்களைப் பற்றியும் பேச வேண்டியது நிறைய இருக்கிறது. குரலைப் பதிவு செய்ய ஆசை என்றால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். மடித்த துண்டின் மேல் ஒரு முழ தூரத்தில் மொபைலை வைத்து, ஏரோப்ளேன் மோடு போட்டு, மேசை விசிறியைத் தள்ளி வைத்தால் தெளிவாக விழும்.

பேச்சு தொய்கிற நேரத்துக்கு ஒரு பல்லாங்குழி நல்லது. 14 குழி, குழிக்கு 5 என்றால் 70 காய். விரல் மடங்காதவர்களுக்குக் குன்றிமணி கைக்கு வராது, புளியங்கொட்டையோ சோழியோ சரி. நாலு சேர்ந்ததும் "பசு" என்று யார் முந்தி எடுப்பது என்பதில் சண்டை வரும். வரட்டும்.

சாப்பாடு 12.30க்கு, எது நடந்தாலும். பிறகு இரண்டு பேரையும் படுக்க வையுங்கள். தூங்க மாட்டார்கள், படுத்துக்கொண்டே பேசுவார்கள், இடுப்புக்கு அது ஓய்வு. எழும்போது ஒரு நிமிடம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டு நிற்கச் சொல்லுங்கள். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சட்டென்று எழுந்தால் கிறுகிறுக்கும். 3 மணிக்கு டிகிரி காபி.

கோயில் ஒன்று போதும்

பெரும்பாலான கோயில்கள் நண்பகலில் நடை சாத்தி 4 மணி வாக்கில் திறக்கும். சிநேகிதியையும் காரில் ஏற்றிக்கொண்டு, அவர்கள் சேர்ந்து போய்வந்த கோயில் எதுவோ அதற்குப் போங்கள். சாரங்கபாணி கோயிலில் சன்னதிக்குப் படி ஏற வேண்டும். ராமசுவாமி கோயிலில் கூரையுள்ள பிரகாரத்தில் ராமாயண ஓவியங்களைப் பார்த்துக்கொண்டு நிழலிலேயே மெதுவாக நடக்கலாம். ஆதி கும்பேஸ்வரர் கோயிலுக்குப் போகும் நீள மண்டபத்தில் இரு பக்கமும் பாத்திரக் கடை, வளையல் கடை. பாட்டிகள் சாமியைவிட அங்கே அதிக நேரம் நிற்பார்கள் என்பதால் மடக்கு ஸ்டூல் ஒன்று கையில் இருக்கட்டும். வெயிலில் காய்ந்த கருங்கல்லில் சர்க்கரை நோயாளி வெறுங்காலோடு நடந்தால் சுடுவது தெரியாமலே கொப்புளம் வந்துவிடும். சூடு தணியும்வரை வெளிப்பிரகாரம் சுற்ற வேண்டாம். ஈரமான இடத்தில் சாக்ஸ் வழுக்கும்.

புரை விழுந்த கண்ணுக்கு எதிரே வரும் வண்டி விளக்குகள் கூசும். இருட்டும் முன் வீடு திரும்பப் பாருங்கள். அதற்கு 4.45க்கே "கிளம்பலாம்" என்று சொல்ல வேண்டும். வாசல்படியில் மறுபடியும் அரை மணி நேரம் பேச்சு நடக்கும், அதையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

வீட்டுக்கு வந்ததும் பாட்டியின் கால்களை வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடைத்து, விரலிடுக்கு, குதிகால், உள்ளங்கால் மூன்றையும் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். வீக்கம் மறுநாள் காலையும் வடியாமல் இருந்தாலோ ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும். மறுநாள் வேறு எந்த வேலையும் வைக்காதீர்கள்.

அந்த வாரமே இரண்டு பேருக்கும் போன் நேரம் ஒன்று குறித்துவிடுங்கள், சமையல் முடிந்து சீரியல் தொடங்குவதற்கு முந்தின நேரமாக. பட்டன் போன் என்றால் 2ஆம் எண்ணை அழுத்திப் பிடித்தால் சிநேகிதிக்குப் போகும்படி வைத்துக்கொடுக்கலாம். வீடியோ காலில் போனைக் காதில் வைத்துக்கொள்வார்கள் என்பதால் நிறுத்தி வைக்க ஒரு ஸ்டாண்டு வேண்டும். இரண்டு எண்களுக்கும் ரீசார்ஜ் முடியும் தேதியைத் தினசரிக் காலண்டரில் பேனாவால் குறித்து வையுங்கள். அது முடிந்து லைன் போகாமல் இருந்தால், "போன தடவ நான் பேசுனதுல அவளுக்குக் கோவம்போல" என்றுதான் பாட்டி நினைத்துக்கொண்டிருப்பார்.