ஒரே உறைக்கு மூன்று அஞ்சல் கட்டணம்: நான் சரிசெய்த விதம்

லண்டனிலிருந்து இணைய ஏலத்தில் பழைய இந்தியத் தபால்தலைகளை விற்று வருகிறேன். ஒருவரே பல தபால்தலைகளை ஏலத்தில் எடுத்தால், அவற்றை 100 கிராமுக்கு உட்பட்ட ஒரே கடித உறையில் வைத்து, ஒரே அஞ்சல் கட்டணத்துடன் நானே விலைப்பட்டியல் அனுப்புவது வழக்கம். தளம் புதிதாகப் புகுத்திய பணம் செலுத்தும் பக்கமோ, என்னைக் கேட்காமலேயே, ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக அஞ்சல் கட்டணம் சேர்த்து வசூலித்துவிட்டது. 1948-இல் வெளியான காந்தி வரிசையில் ஒன்றரை அணா, மூன்றரை அணா, பன்னிரண்டு அணாத் தலைகளை வாங்கிய முதியவர், ஒரே உறைக்கு மூன்று கட்டணமா என்று கேட்டு எழுதியபோது மிகவும் வருந்தினேன். பல ஆண்டுகளாக என்னை நம்பி வாங்குபவர் அவர்.

அந்தப் பக்கத்தை நீக்க விற்பனையாளருக்கு வழியே தரப்படவில்லை. இது அநியாயம் என்றே இன்றும் கருதுகிறேன். முதலில், கூடுதலாக வந்த இரண்டு கட்டணங்களை அவருக்குத் திருப்பி அனுப்பினேன். பிறகு விற்பனையாளர் அமைப்புகளில் ஒருங்கிணைந்த அஞ்சல் விதியை இயக்கி, இரண்டாவது பொருளிலிருந்து கட்டணம் பூஜ்யம் என்று பதிந்தேன். ஆயினும், ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த ஏலங்களுக்கு அவ்விதி பொருந்தவில்லை என்பதைத் தாமதமாகவே கண்டறிந்ததால், யாரும் இன்னும் ஏலத்தொகை கேட்காதவற்றை ஒவ்வொன்றாகத் திருத்தினேன். ஏற்கெனவே ஏலத்தொகை கேட்கப்பட்டிருந்தவற்றில் வென்றவர்களுக்கு, விலைப்பட்டியல் வரும்வரை பணம் செலுத்த வேண்டாம் என்று உடனுக்குடன் எழுதினேன். அடுத்த வாரம் அதே முதியவர் எடுத்த இரு தலைகளுக்கும் ஒரே கட்டணமே கணக்கிடப்பட்டது.