மீட்கப்பட்ட விலங்குகள் வாழும் பூங்காவில் செய்யக்கூடாத தவறுகள்

உச்சிவெயிலில் போய்விட்டு, "ஒன்றுமே வெளியே வரவில்லை" என்று குறைப்படுகிறவர்கள் அதிகம். புலியும் கரடியும் அந்நேரம் நிழலில் படுத்துவிடும். கதவு திறந்ததும் உள்ளே போய் முதல் 2 மணி நேரம் விலங்குகளைப் பாருங்கள். வெயில் ஏறியதும் மரங்கள் பக்கம் வந்துவிடலாம்.

இருப்பதிலேயே பெரிய தவறு, தீனி போடுவது. பாசத்தில்தான் போடுகிறார்கள். ஆனால் மான் அசைபோடும் பிராணி. அதன் முதல் இரைப்பையில் இருக்கும் நுண்ணுயிர்கள் புல்லுக்கும் தழைக்கும் பழகியவை. ரொட்டியும் பிஸ்கட்டும் திடீரென்று நிறைய உள்ளே போனால் வேகமாகப் புளித்து அமிலம் ஏறும். வயிறு உப்பும், கழிச்சல் வரும், உயிரே போகலாம். அதைவிடக் கொடியது தீனி வந்த உறை. உப்பு ஒட்டிய பிளாஸ்டிக்கை மான் நக்கும், மெல்லும், விழுங்கிவிடும். அது செரிக்காது, எளிதில் வெளியேறவும் செய்யாது. இரைப்பையில் முறுக்கிய கயிறுபோலத் திரண்டு கிடக்கும். வயிறு நிறைந்தேயிருப்பதால் இரை எடுக்காமல் மெலிந்து சாகும். உறைகளைப் பையின் அடியில் போட்டு ஜிப்பை மூடிய பிறகே அடைப்புப் பக்கம் போங்கள்.

"பாவம், பருந்தைப் பறக்கவிடாமல் அடைத்திருக்கிறார்களே" என்று கோபப்படுவதற்கு முன் அதன் சிறகைக் கவனியுங்கள். முறிந்த எலும்பு கோணலாகக் கூடியிருந்தால் அதனால் இரை பிடிக்க முடியாது. வெளியே விட்டால் பட்டினிதான். ஒரே தடத்தில் இடமும் வலமுமாக நடந்துகொண்டே இருக்கும் கரடியைப் பார்த்து, ஆட்டம் போடுகிறது என்று கைதட்டவும் வேண்டாம். குறுகிய கூண்டில் வருடக்கணக்கில் கிடந்த விலங்குகளுக்கு ஒட்டிக்கொள்ளும் பழக்கம் அது. விசாலமான இடம் கிடைத்த பின்னும் சிலவற்றை விடுவதில்லை.

குரங்கைக் கண்ணுக்குக் கண் உற்றுப் பார்த்துப் பல்லைக் காட்டினால், அதன் கணக்கில் அது மிரட்டல். பாம்புக்கு வெளிக்காது இல்லை. அதிர்வைத் தாடையெலும்பு வழியாக உணரும். கண்ணாடியைத் தட்டினால் அது அங்கேதான் போய் இறங்கும். ஃபிளாஷை வீட்டிலேயே அணைத்துவிடுங்கள். சளி, காய்ச்சல் இருந்தால் பயணத்தையே தள்ளிப்போடுங்கள். மனிதர்களின் சுவாச நோய்கள் குரங்கினங்களுக்கும் தொற்றும்.

தாவரப் பகுதியில் மரத்தில் பெயர் செதுக்குவது சின்ன விஷயமில்லை. இலையில் தயாராகும் உணவு பட்டையின் உள்ளடுக்கு வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. வெட்டிய இடத்தில் பூஞ்சையும் நுழையும். குழந்தைகள் பொறுக்கும் விதைகளிலும் கண் வையுங்கள். செக்கச்செவேலென்ற குன்றிமணியைக் கடித்து மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து.

வீட்டில் வளர்க்க முடியாத ஆமையைப் பூங்காக் குளத்தில் விட்டுவிட்டு வருகிறவர்களும் உண்டு. புதிதாக வரும் விலங்கைத் தனியே வைத்து, நோய் இல்லை என்று உறுதியான பிறகே மற்றவற்றோடு சேர்ப்பார்கள். குளத்தில் விட்ட ஆமை அந்தச் சோதனையைத் தாண்டிப் போய்விடுகிறது. முதலில் பூங்கா அலுவலகத்தில் கேளுங்கள். அவர்களால் எடுத்துக்கொள்ள முடியாவிட்டாலும் எங்கே ஒப்படைப்பது என்று சொல்வார்கள்.