வார்னிஷ் பூசிய மரக்கதவுக்குப் பெயிண்ட் அடிக்கும் முறை

வார்னிஷின் மேல் அடித்த பெயிண்ட் ஒரே ஆண்டில் உரிவதற்குப் பெரும்பாலும் பெயிண்ட் காரணமன்று. வழவழப்பான பரப்பில் அதற்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. ஆகவே முழுக் கவனத்தையும் அடிவேலையில் வையுங்கள்.

சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் மரம் ஈரத்தை இழுத்து உப்பிவிடும். தை, மாசி மாதங்களே இவ்வேலைக்கு உகந்தவை.

முதலில் கைப்பிடி, தாழ்ப்பாள் ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, சோப்பு நீரால் கதவைத் துடையுங்கள். சமையலறைக் கதவின் எண்ணெய்ப் பிசுக்கும், நிலைப்படியின் மஞ்சள் குங்குமமும், பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதிகளில் படியும் உப்பும் முற்றிலும் நீங்க வேண்டும். பிசுக்கு இருக்கும்போதே தேய்த்தால் அது கீறல்களுக்குள் இறங்கிவிடும். பிறகு நல்ல நீரால் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள்.

அடுத்து உப்புத்தாள். வார்னிஷ் முழுவதையும் சுரண்டி எடுக்கத் தேவையில்லை. மரத்தோடு உறுதியாக ஒட்டியிருப்பது அப்படியே இருக்கலாம், உரிந்து நிற்பதை மட்டும் பட்டித் தகட்டால் எடுத்துவிடுங்கள். சொரசொரப்பான 120 எண் தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றிக்கொண்டு, மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்த்து, பின்னர் அதைவிட நயமான 180 அல்லது 220 எண் தாளால் சமப்படுத்துங்கள். வெளிச்சத்தில் சாய்வாகப் பார்க்கும்போது எங்கும் மினுமினுப்பு தெரியாமல், பரப்பு முழுவதும் மங்கலாக இருக்க வேண்டும். செதுக்கு வேலையுள்ள பழைய கதவுகளில் பள்ளங்களை விட்டுவிடுவது வழக்கம். உரிதல் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும் என்பதால், தாளை மடித்து அவற்றையும் பொறுமையாகத் தேயுங்கள். இந்த வேலை முடியும்வரை முகக்கவசம் அவசியம்.

தூசியைத் துடைத்த பின், டர்பன்டைன் நனைத்த துணியால் ஒருமுறை ஒற்றியெடுங்கள். விரிசல்களில் மரப்பட்டி நிரப்பி, காய்ந்ததும் தேய்த்துவிடுங்கள்.

பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சான பிரைமர் எண்ணெய் வகையாக இருப்பது நல்லது. தேக்கின் பழுப்பு நிறம் தண்ணீர் வகைப் பிரைமரின் வழியே மேலே கசிந்து வெள்ளைப் பெயிண்டில் கறையாகத் தெரியக்கூடும். மெல்லிய ஒரு பூச்சு அடித்து, ஒரு முழுநாள் விட்டு, நகத்தால் ஓரத்தில் சுரண்டிப் பாருங்கள். தாளாக உரிந்தால் அவ்விடத்தை மீண்டும் தேய்த்துப் பிரைமர் அடித்தாக வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

பிறகு எனாமல் பெயிண்டை இரண்டு மெல்லிய பூச்சுகளாக அடியுங்கள். தடித்த ஒரே பூச்சு வழிந்து இறங்கும், உள்ளே காயாமலும் நிற்கும். இரண்டுக்கும் இடையே டப்பாவில் குறித்துள்ள நேரம் வரை காத்திருந்து, 320 எண் தாளால் இலேசாகத் தடவி, தூசியைத் துடைத்துவிடுங்கள். தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தாலும், சில நாட்கள் கதவை நிலையோடு அழுத்திச் சாத்தாதீர்கள்.