பங்கு பேசாமல் படகில் ஏற்றாதீர்கள்: கூட வரும் என்.பி.சி.யும் பொதுப் பையும்

பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குள் நடக்கும் ஒரு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, டைஸ் உருட்டி ஆடும் கதை விளையாட்டு) கதை என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பிளேயர்கள், வழிகாட்ட ஒரு படகோட்டி. அவர் என்.பி.சி., அதாவது பிளேயர் யாரும் ஏற்காத பாத்திரம்; கதையை நடத்தும் டி.எம். (டன்ஜன் மாஸ்டர்) அவரைப் பார்த்துக்கொள்கிறார். புதுச்சேரியிலும் கடலூரிலும் புதிதாக ஆடத் தொடங்கும் குழுக்கள் முதலில் சறுக்குவது இங்கேதான்.

படகோட்டிக்கு வழி தெரியும், டி.எம்.முக்கு ரகசியம் தெரியும். இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தால் பிளேயர்கள் யோசிப்பதை விட்டுவிடுவார்கள். "அண்ணே, எந்தப் பக்கம் போகலாம்?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள். அதனால் அவருக்குத் தெரிந்தது ஓதமும் சேறும் கால்வாயும் மட்டும் என்று முன்பே எழுதி வையுங்கள். அவர் விவரம் சொல்லலாம், முடிவு எடுக்கக் கூடாது.

சண்டையில் டி.எம். தன் அரக்கனுக்கும் தன் படகோட்டிக்கும் மாறி மாறி டைஸ் உருட்டினால் மற்ற நால்வரும் வேடிக்கைதான் பார்க்க வேண்டும். கால் தாளில் ஏ.சி. (தற்காப்பு எண்), ஹெச்.பி. (உயிர்ப் புள்ளி), ஒரு ஆயுதம், ஒரு திறமை எழுதி ஒரு பிளேயர் கையில் கொடுத்துவிடுங்கள். அந்த பிளேயரின் இனிஷியேட்டிவிலேயே (சண்டையில் முறை வரும் வரிசை) படகோட்டியும் இயங்கட்டும். பேச்சும் மறுப்பும் மட்டும் டி.எம். வசம். பயந்து ஓடுவாரா என்பதற்கு 1981 பேசிக் பதிப்பின் மொரால் (மனத்துணிவு) விதி நன்றாகப் பொருந்தும்: மொரால் 7 என்றால் 2டி6 (ஆறு முக டைஸ் இரண்டு) உருட்டி, 8 அல்லது அதற்கு மேல் விழுந்தால் ஓடுவார். 36-க்கு 15 வாய்ப்பு. அவரைத் தற்கொலைப் படையாக முன்னே தள்ளும் பழக்கம் இதிலேயே நின்றுவிடும்.

எக்ஸ்.பி. (அனுபவப் புள்ளி) கணக்கை மறக்காதீர்கள். 2014 ஐந்தாம் பதிப்பில், கணிசமாக உதவிய என்.பி.சி.யும் ஒரு தலைக்கட்டுதான். 1200 எக்ஸ்.பி. நால்வருக்கு ஆளுக்கு 300, அவரையும் சேர்த்தால் 240.

பெரிய மனஸ்தாபம் தங்கத்தில்தான் வரும். கடலூர் துறைமுகத்தில் டீசல், ஐஸ் செலவைக் கழித்துவிட்டுத்தான் பங்கு பிரிப்பார்கள். அதையே செய்யுங்கள். 570 தங்கம் கிடைத்தது, சாப்பாடும் படகுப் பழுதும் 20 போக மீதி 550. ஆளுக்கு ஒரு பங்கு, பொது நிதிக்கு ஒன்று, படகோட்டிக்கு அரை: ஐந்தரைப் பங்கு. ஒரு பங்கு 100, அவருக்கு 50. இதைக் கிளம்பும் முன்பே அவர் முன்னிலையில் பேசி முடித்துவிட வேண்டும்.

அடுத்தது ஹீலிங் போஷன், காயம் ஆற்றும் மருந்து. விலை 50 தங்கம், குடித்தால் 2டி4+2, சராசரி 7 ஹெச்.பி. "பார்ட்டியிடம் நாலு இருக்கு" என்று எழுதினால் அது யாரிடமும் இல்லை என்றுதான் பொருள். நாலையும் வைத்திருப்பவர் 0 ஹெச்.பி.யில் விழுந்தால் எந்தப் பையைத் துழாவுவது? 2014 விதிப்படி ஊட்டுவதற்கே அந்த முறைக்கான ஒரு ஆக்‌ஷன் போய்விடும். ஒரு போஷனுக்கு ஒரு அட்டை என்று வெட்டி, வைத்திருப்பவர் முன்னால் வையுங்கள். கைமாறினால் அட்டையும் மாறட்டும். படகோட்டிக்கும் ஒரு அட்டை கொடுங்கள்.

அவர் இறந்துவிட்டால் அந்த அரைப் பங்கைப் பொதுப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். அது கிள்ளையில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போக வேண்டியது. யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்பதும் முன்பே பேச வேண்டியதுதான்.