அன்பியக் கூட்டத்தில் ஆயர் சிப்ரியானின் வாழ்வை எடுத்துரைப்பது எப்படி?

பெங்களூருவில் சிவாஜிநகர் மாதா கோவில் திருவிழா செப்டம்பர் 8 அன்று நிறைவுற்றதும், அடுத்த வாரமே, 16ஆம் தேதி, புனிதர்கள் கொர்னேலியு, சிப்ரியான் ஆகியோரின் நினைவு நாள் வந்துவிடுகிறது. அந்த வாரத்து அன்பியக் கூட்டத்தில், அதாவது பங்கின் அண்டை வீட்டார் கூடிச் செபிக்கும் சிறு குழுவில், மூன்றாம் நூற்றாண்டு மறைசாட்சியான கார்த்தேஜ் ஆயர் சிப்ரியானைப் பற்றி அரைமணி நேரம் பேச முன்வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஆளைச் சரியாக அடையாளம் கண்டுகொள்ளுங்கள். மந்திரவாதியாக இருந்து மனம் மாறியதாகச் சொல்லப்படும் அந்தியோக்கியா சிப்ரியான் வேறு ஒருவர். இணையத்துப் படங்களிலும் கதைகளிலும் இருவரும் கலந்துவிடுகிறார்கள். நம்முடைய சிப்ரியான், இன்றைய துனிசியாவிலுள்ள கார்த்தேஜில் பேச்சுக்கலை ஆசிரியராக விளங்கி, 246ஆம் ஆண்டளவில் திருமுழுக்குப் பெற்று, இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே ஆயரானவர். இப்பகுதிக்கு இரண்டு நிமிடம் போதும்.

நேரத்தின் பெரும்பகுதியை 250ஆம் ஆண்டின் கலாபனைக்கு, அதாவது கிறிஸ்தவர்கள் துன்புறுத்தப்பட்ட காலத்திற்கு, ஒதுக்குங்கள். உரோமைப் பேரரசர் தேசியுஸ், அனைவரும் தெய்வங்களுக்குப் பலி செலுத்தி, அதற்கு அதிகாரிகளிடம் சான்றிதழ் பெற வேண்டும் என்று ஆணையிட்டார். எகிப்தின் வறண்ட மணலில் இத்தகைய சான்றிதழ்கள் நாற்பதுக்கு மேல் கிடைத்துள்ளன. மனுதாரரின் பெயர், ஊர், தாம் எப்போதும் பலி செலுத்தி வந்ததாகவும் இப்போதும் பலிப்பொருளைச் சுவைத்ததாகவும் ஓர் உறுதிமொழி, சாட்சியாக அதிகாரியின் கையொப்பம் ஆகியவை அவற்றில் உள்ளன. அந்த வாசகத்தைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்தால், வாடகை ஒப்பந்தம் முதல் ரேஷன் அட்டை வரை தாள்களை நம்பியே இந்நகரில் காலூன்றிய நம் மக்களுக்கு அந்த ஆணையின் நெருக்கடி உடனே விளங்கும்.

சிப்ரியான் அப்போது தலைமறைவானார். விசுவாசத்திற்காக உயிர் கொடுத்த மறைசாட்சியின் பெருமைக்கு இது இழுக்கு என்று எண்ணிப் பலர் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். உரோமையின் குருக்களே அக்காலத்தில் இதனைக் குறைகூறினர். தம்மைப் பிடித்துத் தரக் கேட்டுக் கூச்சலிட்ட கூட்டத்தினால் மற்றவர்களுக்கும் தீங்கு வரலாம் என்று விலகியதாக அவர்களுக்கு விடை எழுதிய ஆயர், மறைவிடத்திலிருந்து தம் மக்களுக்கு அனுப்பிய 13 கடிதங்களையும் அதற்குச் சான்றாகக் காட்டினார். 250இல் ஒதுங்கிய அவரே 258இல் விசாரணையில் உறுதியாக நின்று உயிர் கொடுத்தார் என்பதுதான் இவ்வாழ்வின் மையம்; முன்னதை மறைத்தால் பின்னதன் கனம் கேட்பவர்களுக்குத் தெரியாது.

அடுத்து, அந்தக் கலாபனையில் விசுவாசத்தில் தவறியவர்களைப் பற்றிப் பேசுங்கள். சிலர் பலியிட்டனர், சிலர் சாம்பிராணி மட்டும் இட்டனர், சிலர் பலியிடாமலே பணம் கொடுத்துச் சான்றிதழ் வாங்கினர். இவர்களைத் திரும்பச் சேர்க்கலாமா என்று கூட்டத்தினரிடமே கேட்டு, அவர்கள் விவாதித்த பிறகு 251ஆம் ஆண்டு கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் சங்கத்தின் முடிவைச் சொல்லுங்கள்: சான்றிதழ் மட்டும் வாங்கியோர் ஒவ்வொருவராக விசாரிக்கப்பட்டு ஏற்கப்பட்டனர், பலியிட்டவர்களுக்கு நீண்ட தவம் விதிக்கப்பட்டது. தொடர்ந்து வந்த கொள்ளைநோயில், பகைவர்களுக்கும் உதவுமாறு ஆயர் மக்களைத் தூண்டியதை ஒரு வாக்கியத்தில் சேர்க்கலாம். திருச்சபையை விட்டுப் பிரிந்தவர்கள் அளித்த திருமுழுக்கு செல்லுமா என்று திருத்தந்தை ஸ்தேவானுடன் எழுந்த சர்ச்சை அரைமணிக்குள் அடங்காது. அதனை வேறொரு நாளுக்கு விட்டுவிடுங்கள்.

இறுதிப் பகுதியை உங்கள் சொற்களில் சொல்லாமல், மீண்டும் கலாபனை வந்தபோது சிப்ரியானை விசாரித்த குறிப்புகளை இருவரைக் கொண்டு உரையாடலாக வாசிக்கச் செய்யுங்கள். தமிழ் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத இளையோர் இங்கு பலர் இருப்பதால், தாளைப் படியெடுத்துக் கொடுப்பதைவிட இதுவே பயன் தரும். 257ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று ஆளுநர் பத்தெர்னுஸ் குருக்களின் பெயர்களைக் கேட்க, காட்டிக்கொடுப்பதை உங்கள் சட்டங்களே தடுக்கின்றனவே என்று சிப்ரியான் மறுக்கிறார். குருபிஸ் என்னும் ஊருக்கு நாடுகடத்தப்படுகிறார். 258ஆம் ஆண்டு செப்டம்பர் 14 அன்று வேறோர் ஆளுநர் பலியிடும்படி கட்டளையிட, மாட்டேன் என்கிறார். எண்ணிப்பார் என்றதற்கு, இவ்வளவு நேர்மையான காரியத்தில் எண்ணிப்பார்க்க ஏதுமில்லை என்கிறார். தீர்ப்பு வாசிக்கப்பட்டதும் அவர் சொன்னது இறைவனுக்கு நன்றி என்பது மட்டுமே. தம் தலையை வெட்டவிருந்தவனுக்கு 25 பொற்காசுகள் கொடுக்கச் சொன்னதையும் விடாமல் வாசிக்கச் செய்யுங்கள். பின்னர் கேள்விகளுக்குப் பத்து நிமிடமாவது விடுங்கள். தலைமறைவானதைப் பற்றியே முதலில் கேட்பார்கள் என்பதால், உரோமைக்கு அவர் எழுதிய அந்த விடைக்கடிதத்தை முன்கூட்டியே ஒருமுறை முழுவதுமாகப் படித்துவிட்டுச் செல்லுங்கள்.